இல்லை என்பதும் காணவில்லை என்பதும்



விஞ்ஞான விஷயமொன்றைப் பற்றிப் பேச முன்வந்திருக்கும் நான் விஞ்ஞானி அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கல்லூரியில் சரித்திரம் பயின்று பட்டம் பெற்றவன். மத்திய அரசாங்க அலுவலகமொன்றில் ஆங்கிலத்தைத் தமிழாக்குவது என் தொழில். இருபது ஆண்டுகளாகத் தலைநகரில் வசித்து வருகிறேன். பருத்தி விவசாயம் முதல் பாலங்களின் பராமரிப்பு வரையில் எந்தத் துறையைச் சார்ந்த காகிதம் மேஜைக்கு வந்தாலும், அதை ஒருவாறு புரிந்துகொண்டு தமிழில் எழுதியாக வேண்டும். அவ்வாறு வந்து சேர்ந்த காகிதமொன்றிலிருந்துதான் இன்றைய பேச்சும் பிறந்தது.

2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம். கோவிட் நோய் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்தது. அம்மாதம் 14-ஆம் தேதி, அரை மணி நேரத்தில் முடிவு சொல்லும் புதிய சோதனை ஒன்றைப் பயன்படுத்தலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அறிவித்தது. அத்தகைய சோதனையைப் பொதுமக்களுக்கு விளக்கும் ஒரு பக்கக் குறிப்பு என்னிடம் வந்தது. வேலை எளிதாகத்தான் இருந்தது, ஒரு சொல் நீங்கலாக. 'நெகடிவ்' என்பதே அச்சொல். 'நோய் இல்லை' என்று முதலில் எழுதினேன். எழுதியதைத் திரும்பப் படித்தபோது அது அடுத்த வாக்கியத்தோடு முட்டியது. நெகடிவ் என்று வந்தாலும், நோய்க்குறிகள் உள்ளவர்கள் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்றது அடுத்த வாக்கியம். நோய் இல்லையென்றால் மறுபடியும் சோதனை எதற்கு? சற்று நேரம் யோசித்துவிட்டு, 'நோய் இல்லை' என்பதை அடித்து, 'நோய் காணப்படவில்லை' என்று திருத்தினேன். அருகிலிருந்த நண்பர் சிரித்தார். "இரண்டும் ஒன்றுதானே, ஸார்? எழுத்து கூடினால் சம்பளமும் கூடுமா?" என்று கேட்டார். இரண்டும் ஒன்றல்ல என்று அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் அந்த வேற்றுமை என் வீட்டிற்கே வந்து சேர்ந்தது. மாயவரத்திலிருந்து என் தாயார் எங்களோடு தங்க வந்திருந்தார். அவருக்கு அப்போது வயது எழுபத்து நான்கு. ஒருநாள் மாலை எனக்குத் தொண்டை கரகரத்தது; உடம்பும் லேசாகச் சுட்டது. உடனே போய் அந்த விரைவுச் சோதனையைச் செய்துகொண்டேன். பட்டையில் ஒரே ஒரு கோடுதான் தெரிந்தது. வீடு திரும்பி முகக்கவசத்தைக் கழற்றி வைத்தேன். "என்னடா சொன்னார்கள்?" என்று அம்மா கேட்டார். "ஒன்றும் இல்லையம்மா" என்றேன். நான் சொன்ன சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டுகிறேன். அன்று இரவு அவருக்குப் பக்கத்தில் அமர்ந்துதான் சாப்பிட்டேன். அலுவலக விதிப்படி மறுநாள் பி.சி.ஆர். சோதனைக்கும் மாதிரி கொடுத்தேன். கூட்டம் மிகுந்திருந்த அந்நாட்களில் முடிவு வர நான்கு நாட்கள் ஆயின. எனக்குத் தொற்று இருந்தது. அதற்குள் அம்மாவுக்கும் ஜுரம் கண்டுவிட்டது. பதினொரு நாட்கள் ஆஸ்பத்திரியில் பிராணவாயுவின் துணையோடு இருந்து பிழைத்து வந்தார். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் மாடிப்படியில் பாதிவழியில் ஒருமுறை உட்காராமல் அவரால் ஏற முடிந்ததில்லை.

அந்தச் சோதனையைச் செய்தவர்கள் மீது எனக்கு மனக்குறை ஏதுமில்லை. பட்டையும் பொய் சொல்லவில்லை. அது காணவில்லை என்றது. நான் இல்லை என்று படித்துக்கொண்டேன். ஆனால் அது ஏன் காணவில்லை என்ற கேள்வி மட்டும் என்னை விட்டபாடில்லை. தெரிந்துகொள்ளப் புறப்பட்ட இடத்தில்தான், மீநுண் பொருள்களைக் கொண்டு நோய்க்கிருமியைக் கண்டுபிடிக்கும் உணரிகளைப் பற்றிய ஒரு பெரிய உலகம் எதிர்ப்பட்டது.

அளவிலிருந்து தொடங்குவோம். 'நானோ' என்பது குள்ளன் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இப்படிச் சொன்னால் மனத்தில் எதுவும் பதியாது. எனக்கே பதியவில்லை. ஆகவே சமையலறைச் சாமான்களைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்புளூயன்ஸா வைரஸும் கோவிட் வைரஸும் ஏறக்குறைய 100 நானோமீட்டர் அளவுள்ளவை. அப்படிப்பட்ட வைரஸ் ஒன்றை ஒரு மிளகின் அளவுக்குப் பெரிதாக்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே விகிதத்தில் மனிதனையும் பெரிதாக்கினால் அவன் 85 கிலோமீட்டர் உயரம் நிற்பான். படுக்க வைத்தால் டில்லியிலிருந்து மீரட்டைத் தாண்டிப் போவான். அத்தனை பெரிய உடம்புக்குள் எங்கோ கிடக்கும் மிளகைத்தான் தேட வேண்டும். சோதனைப் பட்டையிலுள்ள தங்கத் துகள்கள் பெரும்பாலும் 40 நானோமீட்டர் அளவுள்ளவை. நம் கணக்கில் அவை கடுகு. வைரஸைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் என்னும் புரதம் ரவையின் அளவு. மிளகைத் தேடக் கடுகையும் ரவையையும் அனுப்புவது பொருத்தமான காரியமாகத் தோன்றுகிறதல்லவா? மீநுண் துகள்களை விஞ்ஞானிகள் நாடியதற்கு ஒரு காரணம் இதுதான். தேடப்படும் பொருளும் தேடும் பொருளும் கிட்டத்தட்ட ஒரே அளவின.

தங்கம் என்றவுடன் நம்மவர் காதைத் தீட்டிக்கொள்வார்கள். ஆம், அந்தப் பட்டையில் இருப்பது உண்மையான தங்கமே. ஆனால் உருக்கி எடுத்துப் பயன் காணுமளவுக்கு அன்று. அத்துடன் அது மஞ்சளாகவும் இராது. தங்கத்தை அவ்வளவு சிறிதாக்கிவிட்டால் அதன் மேற்பரப்பிலுள்ள எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அசைந்து, ஒளியின் பச்சைப் பகுதியை விழுங்கிவிடுகின்றன. எஞ்சியது நம் கண்ணுக்குக் குங்குமச் சிவப்பாகத் தெரிகிறது. லண்டனில் மைக்கேல் பாரடே 1857-இல் இத்தகைய சிவந்த தங்கக் கரைசலைத் தயாரித்து ஆராய்ந்தார். அவர் தயாரித்தவற்றில் சில புட்டிகள் அங்குள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனில் பத்திரமாக இருக்கின்றன. காரணம் முழுதும் தெரியாமலே இதைக் கையாண்டவர்கள் அதற்கு முன்பும் உண்டு. நான்காம் நூற்றாண்டு ரோமானியக் கோப்பை ஒன்று பிரிட்டிஷ் மியூஸியத்தில் இருக்கிறது. வெளிச்சம் முன்னாலிருந்து விழுந்தால் பச்சை. உள்ளிருந்து ஊடுருவினால் சிவப்பு. கண்ணாடியில் கலந்துள்ள மிக நுண்ணிய தங்க, வெள்ளித் துகள்களே அந்த மாயத்தைச் செய்கின்றன. சரித்திர மாணவனுக்கு இதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை, பொறுத்தருள்க.

இனிப் பட்டைக்கு வருவோம். மூக்கிலிருந்து பஞ்சுக் குச்சியில் எடுத்த சளியை ஒரு கரைசலில் கலக்கிச் சில துளிகளைக் குழியில் விடுகிறார்கள். வேட்டி நுனி தண்ணீரில் பட்டால் ஈரம் மேலே ஏறுவதுபோல, அந்த நீர் காகிதத்தில் ஊறி முன்னேறுகிறது. வழியில் உலர்ந்து காத்திருக்கும் தங்கத் துகள்களையும் கூட்டிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு துகளின் மீதும் எதிர்ப்பொருள்கள் ஒட்டியிருக்கும். இந்த எதிர்ப்பொருள் செய்யும் வேலையை வெளிமாநிலத் தமிழர்களாகிய நமக்கு விளக்க அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. கரோல்பாக் கடைவீதியில் ஆயிரம் குரல்களுக்கு நடுவே எங்கோ ஒரு மூலையில் ஒருவர் தமிழில் பேரம் பேசினால், நம் காது தானாகவே அந்தப் பக்கம் திரும்புகிறதல்லவா? அதைப்போல, சளியிலுள்ள எத்தனையோ புரதங்களுக்கிடையே, தனக்குரிய வைரஸ் புரதத்தை மட்டும் அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் பற்றிக்கொள்கிறது. சற்றுத் தொலைவில் 'டி' என்று குறித்த இடத்தில் அதே புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் வரிசையாக நிலைநிறுத்தப்பட்டுள்ளன. வைரஸ் புரதம் அங்கே சிக்கிக்கொள்கிறது. அதைப் பற்றிய தங்கமும் உடன் நிற்கிறது. தங்கம் போதுமான அளவு சேர்ந்தால் சிவப்புக் கோடு. 'சி' என்று குறித்த இரண்டாவது கோடு, பட்டை ஒழுங்காக வேலை செய்தது என்பதற்கு மட்டுமே அடையாளம். கோவிட் என்பதன் முதலெழுத்துதான் 'சி' என்று எண்ணிக்கொண்டு கதிகலங்கிப் போனவர் எங்கள் குடியிருப்பிலேயே இருந்தார்.

'போதுமான அளவு சேர்ந்தால்' என்று சொன்னேன். என் வீட்டுத் துன்பம் அந்தச் சொற்களுக்குள்தான் அடங்கியிருக்கிறது. ஒரு கடுகு விழுந்தால் கோடு தெரியாது. மிகப் பெரிய எண்ணிக்கையில் விழ வேண்டும். நோயின் தொடக்கத்தில் மூக்கில் வைரஸ் குறைவாக இருக்கும்போது அவ்வளவு சேர வழியில்லை. 2020-இல் அனுமதி வழங்கியபோதே, கவுன்சிலும் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் நடத்திய இரு சோதனைகளின் முடிவு வெளியிடப்பட்டது. தொற்று உள்ளவர்களில் 50.6 முதல் 84 சதவிகிதம் வரையில்தான் அச்சோதனை கண்டுபிடித்தது. அதாவது, நூறு நோயாளிகளில் பதினாறு பேரிலிருந்து நாற்பத்தொன்பது பேர் வரையில் அதன் கண்ணுக்குத் தப்பிவிடலாம். தொற்று இல்லாதவரை உள்ளவர் என்று சொல்லும் தவறோ மிகவும் அரிது. சுருங்கச் சொன்னால், அது 'உண்டு' என்றால் பெரும்பாலும் நம்பலாம். பேசாமல் இருந்தால் நம்ப முடியாது. இந்த எண்கள் எல்லாம் என் மேஜையில் இருந்த காகிதங்களிலேயே இருந்தன.

பி.சி.ஆர். சோதனையின் வலிமை வேறு வகையானது. அது கிடைத்ததைப் பெருக்கிப் பார்க்கிறது. வைரஸின் மரபுப் பொருளை முதலில் டி.என்.ஏ. ஆக மாற்றி, பிறகு ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கி இப்படியே முப்பது சுற்று போனால், ஒரே ஒரு பிரதி நூற்றேழு கோடியைத் தாண்டிவிடும். காரி மல்லிஸ் என்ற அமெரிக்கர் 1983-இல் கண்ட வழி இது. அதற்காக 1993-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அதற்கு இயந்திரம் வேண்டும், பயின்ற கைகள் வேண்டும், நேரம் வேண்டும். இந்தியாவின் முதல் கோவிட் நோயாளி 2020 ஜனவரி 30-ஆம் தேதி கேரளத்தில் கண்டறியப்பட்டபோது, மாதிரி புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையத்திற்குச் சென்றுதான் முடிவு வந்தது. பிறகு ஆய்வுக்கூடங்கள் பெருகின. அப்படியும் நெருக்கடி நாட்களில் காத்திருப்பு தீரவில்லை.

காத்திருப்பு எல்லோருக்கும் துன்பமே. ஆயினும் ஊரைவிட்டு ஆயிரம் மைல் தள்ளி வாழும் நமக்கு அதன் கடுமை தனி. ஊரில் தகப்பனார் மூச்சுத் திணறுகிறார் என்று செய்தி வருகிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் இரண்டு இரவுப் பயணம். எனக்குத் தொற்று உண்டா இல்லையா என்று தெரியாமல் அந்தப் பெட்டியில் எப்படி ஏறுவது, ஏறினாலும் எந்த முகத்தோடு அந்தக் கட்டிலருகே போய் நிற்பது? நம்மில் பலர் 2020-இலும் 2021-இலும் அந்தக் கேள்வியோடு ரயில்வே நிலையத்திற்கும் சோதனைச்சாலைக்கும் இடையே நின்றிருக்கிறோம். பி.சி.ஆரைப்போல் கூர்மையாகவும், பட்டையைப்போல் விரைவாகவும், வீட்டிலேயே செய்யக்கூடியதாகவும் ஒரு சோதனை இருந்தால் என்ற ஏக்கம் அந்நாட்களில்தான் நமக்கெல்லாம் எழுந்தது. மீநுண் உணரிகள் குறிவைப்பது அந்த இடத்தைத்தான்.

உயிரி உணரி என்று அகராதிகள் பெயரிட்டிருக்கும் சாதனம் நமக்கு முற்றிலும் புதியதன்று. சர்க்கரை வியாதி இல்லாத தமிழ்க் குடும்பத்தைக் காண்பது அரிதாகிவிட்டது; விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைத் தொட்டுக் காட்டும் சிறு கருவி பல வீடுகளில் பூஜை அலமாரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் மூதாதை 1962-இல் அமெரிக்காவில் லெலண்ட் கிளார்க் உருவாக்கியது. எந்த உயிரி உணரியிலும் இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று, தேடும் பொருளை இனங்கண்டு பிடிப்பது. மற்றொன்று, பிடித்துவிட்டேன் என்று நமக்குத் தெரிவிப்பது. பிடிக்கும் உறுப்பு பெரும்பாலும் பழையதே: எதிர்ப்பொருளோ, டி.என்.ஏ. துண்டோ, நொதியோ ஆகும். தெரிவிக்கும் உறுப்பில்தான் மீநுண் பொருள்கள் புதுமை செய்கின்றன.

1996-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்கின் குழுவினர் தங்கத் துகள்களின் மீது டி.என்.ஏ. இழைகளைப் பொருத்தினார்கள். அவற்றுக்கு இணையான இழை கரைசலில் இருந்தால் துகள்கள் ஒன்றையொன்று நெருங்கிக் கூட்டமாகிவிடும். சிவப்பு நிறம் ஊதாவாகிவிடும். தனித்தனியே நிற்கும்போது ஒரு நிறம், கூடினால் வேறொரு நிறம். இதே தத்துவத்தைக் கொண்டு, கோவிட் வைரஸின் மரபுப் பொருளை வெறுங்கண்ணாலேயே நிறமாற்றத்தில் காணலாம் என்று மேரிலாண்டில் தீபாஞ்சன் பானும் குழுவினரும் 2020-இல் காட்டினார்கள்.

நிறத்தைவிட மின்சாரம் இன்னும் நுட்பமான தூதுவன். தலைமயிரைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய சிலிக்கன் கம்பி ஒன்றில் மின்னோட்டம் செல்கிறது. அதன் மேல் எதிர்ப்பொருள்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு வைரஸ் வந்து ஒட்டியதும், அதன் மின்னேற்றத்தால் கம்பியின் ஓட்டம் சிறிது மாறுகிறது. விலகினால் பழைய நிலைக்கு வருகிறது. ஹார்வர்டில் சார்ல்ஸ் லீபர் குழுவினர் 2004-இல் இன்புளூயன்ஸா வைரஸைத் தனித்தனியாக, ஒன்று வந்தது, ஒன்று போனது என்று இவ்விதம் எண்ணிக் காட்டினார்கள். கம்பி தடிமனாக இருந்தால் மேற்பரப்பில் நடப்பது உள்ளே தெரியாது. மெலியவே அது தோலெல்லாம் செவியாகிவிடுகிறது. மெலிவின் எல்லை கிராபீன் என்பது: ஒரே ஓர் அணுவின் தடிமனுள்ள கரித்தகடு. அதில் ஒவ்வோர் அணுவும் மேற்பரப்பிலேயே இருக்கிறது. மான்செஸ்டரில் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் 2004-இல் சாதாரண ஒட்டும் நாடாவைக் கொண்டு கிராபைட்டிலிருந்து அதை உரித்தெடுத்து, 2010-இல் நோபல் பரிசு பெற்றனர். தென்கொரிய விஞ்ஞானிகள் 2020-ஆம் ஆண்டு ஏப்ரலிலேயே, கிராபீன் மீது எதிர்ப்பொருளைப் பொருத்தி, கோவிட் வைரஸின் முள்புரதத்தை எந்தப் பெருக்கமும் செய்யாமல் நேரடியாக மின்குறிப்பாக உணர்ந்து வெளியிட்டார்கள்.

நம் தலைநகரில் நடந்த முயற்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். டில்லியிலுள்ள மரபணுவியல் ஆராய்ச்சிக் கூடமொன்றில், தேவஜோதி சக்ரவர்த்தி, சௌவிக் மைத்தி என்ற இரு வங்காள விஞ்ஞானிகளின் குழு, கிரிஸ்பர் எனப்படும் மரபணுக் கத்தரியைக் காகிதப் பட்டையோடு இணைத்தது. மாதிரியிலுள்ள மரபுப் பொருளைப் பெருக்கிய பிறகு, வைரஸுக்குரிய எழுத்துவரிசையைக் காஸ்-9 என்ற புரதம் தேடிப் பற்றுகிறது. முடிவை வழக்கம்போல் தங்கத் துகள்கள் கோடாகக் காட்டுகின்றன. விலையுயர்ந்த பி.சி.ஆர். இயந்திரத்திற்குப் பதில் எளிய இயந்திரம் போதும்; ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். 2020 செப்டம்பரில் அதற்கு அனுமதி கிடைத்தது. தொற்றுள்ளவர்களில் 96 சதவிகிதம் பேரைக் கண்டுபிடிப்பதாக அறிவித்தார்கள். அதற்கு 'பெலூதா' என்று பெயர் வைத்தார்கள். அது சத்யஜித் ராய் படைத்த துப்பறியும் நிபுணரின் பெயர். மொழிபெயர்ப்பாளனுக்கு இங்கே ஒரு சபலம். நம்மவர்கள் பெயரிட்டிருந்தால் 'சங்கர்லால்' என்று வைத்திருப்பார்கள். 'துப்பறியும் சாம்பு' என்று வைத்தால் மட்டும் யாரும் நம்பி மூக்கை நீட்டியிருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் இருந்தும் மருந்துக் கடையில் நாம் கேட்டு வாங்குவது இன்றும் அந்தப் பழைய தங்கப் பட்டையே. ஏன்? 2020-இலும் அதற்கு அடுத்த ஆண்டிலும், ஒரு நிமிஷத்தில் கோவிடைக் கண்டுபிடிக்கும் புதிய கருவி என்று பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வந்துகொண்டிருந்தது. சிலவற்றை நானே மொழிபெயர்த்தேன். அவற்றில் மிகச் சிலவே கடைக்கு வந்தன. விஞ்ஞானிகளைக் குறை கூறுவது நியாயமன்று. தலைப்பு எழுதியவர்களின் அவசரம் வேறு, ஆராய்ச்சிக் கூடத்தின் நிலை வேறு.

கொரிய உணரியையே எடுத்துக்கொள்வோம். தூய கரைசலில் அது ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு பெம்டோகிராம் புரதத்தை உணர்ந்தது. பெம்டோகிராம் என்பது ஒரு கிராமைக் கோடி கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் பத்தாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு. ஆனால் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியை அனுப்பும் திரவத்தில், அதற்கு நூறு மடங்கு இருந்தால்தான் உணர்ந்தது. தூய நீரில் தேடுவது வேறு, சளியில் தேடுவது வேறு. சளி என்பது ஒரு பெரிய சந்தை. வேண்டாத புரதங்கள் எல்லாம் உணரியின் மேல் வந்து அமர்ந்துகொள்கின்றன. உடல் திரவத்திலுள்ள உப்பு வேறொரு தடை. உப்பின் அயனிகள் மின்னேற்றத்தைச் சூழ்ந்து மறைத்துவிடுகின்றன. நம் உடலிலுள்ள அளவு உப்புநீரில், மின்னேற்றத்தின் செல்வாக்கு ஒரு நானோமீட்டர் தூரம்கூட எட்டுவதில்லை. எதிர்ப்பொருளோ பத்து நானோமீட்டர் உயரம் உள்ளது. அதன் உச்சியில் வைரஸ் வந்து அமர்ந்தாலும் அடியிலுள்ள தகட்டிற்குச் செய்தி எட்டுவதில்லை. கரைசலை நீர்க்கச் செய்யலாம், சிறிய பிடிப்பான்களைப் பொருத்தலாம் என்று பல வழிகளில் முயன்று வருகிறார்கள்.

அடுத்தது, ஒன்றைப்போல் ஒன்று செய்வது. ஆராய்ச்சிக் கூடத்தில் கைபடச் செய்த பத்துத் தகடுகள் நன்றாக இருக்கும். ஒரு லட்சம் செய்து, லட்சமும் ஒரே மாதிரி பேச வேண்டும் என்றால் அது வேறு கலை. எங்கள் அம்மா ஒரு படி அரிசிக்குப் பொங்கல் வைப்பதற்கும் கல்யாணச் சமையலுக்கும் உள்ள வேற்றுமை போன்றது. உஷ்ணமும் ஓர் எதிரி. இந்தப் பட்டைகள் பெரும்பாலும் 2 முதல் 30 டிகிரி வெப்பத்திற்குள் வைக்கப்பட வேண்டியவை. மே மாதத்து டில்லியிலோ நாகபுரியிலோ அதைக் கடைக்காரரிடம் சொன்னால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் மேல் விலை. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் வீட்டிலேயே செய்துகொள்ளும் முதல் இந்தியப் பட்டைக்கு அனுமதி கிடைத்தபோது அதன் விலை 250 ரூபாய். எவ்வளவு கூர்மையான உணரியாயினும் அந்த விலையோடுதான் போட்டியிட வேண்டும்.

சரித்திரம் படித்தவனுக்கு இந்தத் தாமதம் பெரிதாகப் படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1918-இல் பம்பாய்த் துறைமுகம் வழியாக இன்புளூயன்ஸா இந்நாட்டில் நுழைந்தபோது, அது எந்தக் கிருமியால் வருகிறது என்பதே எவருக்கும் தெரியாது. 1892-இல் ஜெர்மானியரான ரிச்சர்ட் பைபர் ஒரு பாக்டீரியாவைக் குற்றவாளி என்று கூறியிருந்தார். டாக்டர்கள் அதையே சளியில் தேடினார்கள். சிலரிடம் கிடைத்தது, பலரிடம் கிடைக்கவில்லை. உண்மைக் குற்றவாளி அவர்களுடைய உருப்பெருக்கிக் கண்ணாடிகளில் தெரியாத அளவுக்குச் சிறியது. மனித இன்புளூயன்ஸா வைரஸைப் பிரித்தெடுத்தது 1933-இல்தான். அதற்குள் இந்தியாவில் மட்டும் மாண்டவர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்திலிருந்து ஒரு கோடியே எண்பது லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். 1921-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் அதன் வடு தெரிகிறது; அந்தப் பத்தாண்டில்தான் நாட்டின் ஜனத்தொகை கூடுவதற்குப் பதில் குறைந்தது. அன்று பெயர் தெரிவதற்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 2020-இல் நோய்ச் செய்தி வெளிவந்த இரண்டு வாரங்களுக்குள் வைரஸின் மரபுவரிசை முழுதும் உலகிற்குக் கிடைத்துவிட்டது.

பெயர் தெரிவதில் என்ன பயன் என்று கேட்கலாம். இன்புளூயன்ஸா, கோவிட், சிறு குழந்தைகளை வாட்டும் ஆர்.எஸ்.வி. மூன்றுமே இருமலோடும் ஜுரத்தோடும்தான் வருகின்றன. இன்புளூயன்ஸாவுக்கென்று மருந்து உண்டு. ஆனால் நோய் கண்ட 48 மணி நேரத்திற்குள் கொடுத்தால்தான் அது நன்கு பயன்படும். மற்றவற்றுக்கு அது உதவாது. பெயர் தெரியாததால் வைரஸ் நோய்க்குச் சற்றும் பயன்படாத ஆன்டிபயாடிக் மாத்திரைகளை நாம் வாரக்கணக்கில் விழுங்குகிறோம். இன்புளூயன்ஸாவின் இரு வகைகளையும் கோவிடையும் ஒரே பட்டையில் பிரித்துக் காட்டும் சோதனைகள் இப்போது உள்ளன. மீநுண் உணரிகளில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது இந்தப் பக்கம்தான்.

மூக்கை விட்டுவிட்டுக் காற்றையே சோதிக்கும் முயற்சியும் உண்டு. செயின்ட் லூயி நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராஜன் சக்ரவர்த்தி, ஜான் சிர்ரிட்டோ முதலியோர் 2023-இல் ஒரு கருவியை விவரித்தார்கள். நிமிஷத்திற்கு ஆயிரம் லிட்டர் காற்றை உள்ளிழுத்துச் சுழற்றி, வைரஸை நீரில் பிடித்து, ஒரு சிறு மின்முனையால் சோதித்து, ஐந்து நிமிஷங்களில் முடிவு சொல்கிறது அது. அந்த மின்முனை முதலில் மறதிநோய் ஆராய்ச்சிக்காக வடிவமைக்கப்பட்டதாம். லாமா என்ற ஒட்டக இனத்து விலங்கிலிருந்து கிடைத்த சின்னஞ்சிறு எதிர்ப்பொருளை அதில் பொருத்தி வைரஸைப் பிடிக்கச் செய்தார்கள். ஆஸ்பத்திரிக் கூடத்திலும் பள்ளிக்கூடத்திலும் இதைப் போன்றதொன்று மாட்டப்படும் நாள் வரலாம். ரயில் பெட்டியில் மாட்டினால் இன்னும் நல்லது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

சென்ற குளிர்காலத்தில் அம்மாவுக்கு மீண்டும் இருமல் வந்தது. எனக்கும் தொண்டை சரியில்லை. அலமாரியிலிருந்து இரண்டு பட்டைகளை எடுத்து இருவரும் சோதித்துக்கொண்டோம். இரண்டிலும் 'சி' மட்டும் சிவந்தது. 2022-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிலையம் கூறிய யோசனை ஒன்று உண்டு: முதல் சோதனையில் கோடு வராவிட்டால், நோய்க்குறி உள்ளவர் 48 மணி நேரம் கழித்து மறுபடியும் செய்து பார்க்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் வைரஸ் பெருகியிருந்தால் அப்போது அகப்படும் வாய்ப்பு அதிகம். முகக்கவசத்தை அணிந்துகொண்டு அவர் கட்டிலுக்குச் சற்றுத் தள்ளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "ஒரு கோடுதானே, ஒன்றும் இல்லையே, பிறகென்ன?" என்றார் அம்மா.

"காணவில்லை, அம்மா. நாளை மறுநாள் இன்னொரு முறை பார்ப்போம்" என்றேன்.